லைனில் மாடு கத்திய நாள்

லைன் பொறுப்பும் ஷிப்ட் பொறுப்பும் புதிதாக ஏற்கப்போகிறீர்கள். வாழ்த்துகள். பணியாளர் நலத்துக்கென்று உங்கள் பயிற்சியில் ஒரு முழு நாளே ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் என்னையும் கொஞ்ச நேரம் பேசக் கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆனதிலிருந்து பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்று என் வீட்டில் புகார் இருப்பதால், எழுதியே தருகிறேன். படித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள்.

ஓசூரில் நான் வேலை பார்த்தது ஒயரிங் ஆலையில். ஒரு வண்டிக்குள் ஓடுகிற அத்தனை ஒயர்களையும் கட்டாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. கல்லாவி, ஊத்தங்கரை பக்கத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், ஆனேக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் என்று ஒரே உற்பத்தி லைனில் நாலு பாஷை ஓடும். மனிதவளத் துறை என்னிடம் இருந்தது. சம்பளம், லீவு, கேன்டீன், சண்டை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கடைசி வருடங்களில் "ஊழியர் நலக் குழு" என்று ஒன்றும் சேர்ந்துகொண்டது. புல்வெளியில் யோகா நடத்தினோம். மூன்று மொழியில் போஸ்டர் அடித்து ஒட்டினோம். அந்தப் போஸ்டரில் முன்வரிசையில் நின்று பளிச்சென்று சிரிக்கிறவர் முனிராஜ்.

முனிராஜ் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மெயின்டனன்ஸில் சேர்ந்து, எந்த மெஷின் மக்கர் செய்தாலும் சிரித்துக்கொண்டே சரி பண்ணி, எல்லோருக்கும் பிடித்தவராகி, கடைசியில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனவர். அவருடைய மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே அந்தப் பதவியைப் போட்டிருந்தார்கள். அவருடைய அப்பாவே நேரில் வந்து எனக்குப் பத்திரிகை வைத்தார். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அந்த முனிராஜ் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. வீட்டு நம்பர் என்று எங்களிடம் இருந்ததும் அவருடைய பழைய நம்பர்தான். ஒரு வாரம் தாண்டியது. புது மாடலுக்கான லைன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு அடுத்த வாரம் வருகிறார்கள். இந்த நேரத்தில் கம்பெனி வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்து, "முனிராஜ் சாரைப் போன வாரம் குந்தாரப்பள்ளி சந்தையில பார்த்தேன். மாட்டுப் பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டு நின்னாரு" என்று கேன்டீனில் சொல்லிவிட்டார். டீ ஆறுவதற்குள் அது எங்கள் பிளான்ட் ஹெட் காதுக்குப் போய்விட்டது.

அவர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர். என்னைக் கூப்பிட்டார்.

"இங்க லைன் பத்தி எரியுது. அவரு மாடு வாங்கிட்டு இருக்காரு. நோட்டீஸ் ரெடி பண்ணுங்க மேடம். இன்னைக்கே போகணும்."

"நான் ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வந்துடறேன் சார். சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க."

"காய்ச்சல்னு சொல்லிட்டுச் சந்தைக்குப் போறவரைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல சார். பார்த்தாத்தானே தெரியும்."

அரை மனதோடு சரி என்றார். கம்பெனி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கும் கோபம்தான். வேறு கம்பெனிக்குப் போய்விட்டாரோ, வியாபாரம் ஆரம்பித்துவிட்டாரோ என்று அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன்.

வீட்டு வாசலில் தையல் மெஷின் சத்தம். முனிராஜின் மனைவி ரேணுகா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி பெயர் போட்ட காரைப் பார்த்ததும் மெஷின் நின்றது. எழுந்து வந்தவரின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மேடம்? அவருக்கு என்ன ஆச்சு?"

"முனிராஜ் இல்லீங்களா?"

"வேலைக்குப் போயிருக்காரே மேடம். காலையில நான்தான் டிபன் கட்டிக் கொடுத்தேன். யூனிபார்ம் போட்டுக்கிட்டு வண்டியில போனாரு."

நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்த ஒரு பதிலில் சரிந்து விழுந்தன. ஒரு மனிதர் தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். ஆனால் வேலைக்கு வந்து சேரவில்லை. ஏமாற்றுகிறவர் இப்படிச் செய்வாரா? வியாபாரம் தொடங்குகிறவர் மனைவியிடம் மறைப்பாரா?

ரேணுகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். உண்மையைப் போட்டு உடைத்தால் வீட்டுக்குள் அவருடைய மானம் போகும். "ஆமாமா, வேலைக்குத்தான் வந்திருக்கார்" என்று சமாளித்தால் நாளைக்கு அந்தப் பெண் என்னை மட்டுமல்ல, யாரையுமே நம்ப மாட்டார். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

"ஆக்சிடெண்ட் எதுவும் இல்லம்மா. பயப்படாதீங்க. நான் அவர்கிட்டப் பேச வந்தேன். உங்க போன்ல கூப்பிட்டா எடுப்பாரா?"

"எடுப்பாரு. வேற நம்பர் வச்சிருக்காரு" என்று கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எனக்கு அது நன்றாகவே புரியும். போன் இரண்டு தடவை அடித்ததும் முனிராஜ் எடுத்துவிட்டார்; பக்கத்தில் நின்ற எனக்கும் நன்றாகக் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"லைன்ல இருக்கேன். வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றார் முனிராஜ். அவர் சொல்லி முடிக்கவும், பின்னால் ஒரு மாடு நீளமாகக் கத்தவும் சரியாக இருந்தது. இன்னொரு மாடு அதற்குப் பதில் கொடுத்தது.

ரேணுகா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். மறுபடி காதில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "லைன்ல மாடு எப்படிங்க வந்துச்சு?"

 மாடுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த இருவருக்கும்கூட இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. ரேணுகா போனை என்னிடம் நீட்டினார்.

அதைக் கையில் வாங்கியபோது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது நான் சொல்லும் முதல் வார்த்தை தப்பாகப் போனால் இந்த மனிதர் போனை அணைத்துவிடுவார். அதன் பிறகு எங்கே போவார், என்ன செய்துகொள்வார் என்று யாருக்கும் தெரியாது.

"முனிராஜ், நான் ஸ்டெல்லா பேசறேன். வேலையைப் பத்திக் கேக்க வரல. டிபன் சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்" என்றார்.

"நீங்க வீட்டுக்கு வர்றீங்களா, இல்ல நான் அங்க வரட்டுமா? உங்களுக்கு எது வசதியோ அது."

"வீட்ல வேணாம். நீங்க வாங்க."

"ரேணுகா பக்கத்துலதான் நிக்கறாங்க. கூட வர்றேங்கறாங்க. வரலாமா?"

மறுபடி மாடுகளின் சத்தம். பிறகு, "வரட்டும்" என்றார்.

காரில் ரேணுகா அழவில்லை. ஜன்னல் வழியாக மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரை வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களா மேடம்?"

"மாட்டோம்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த அதிகாரம் என்னிடம் இல்லை. "தெரியலம்மா. ஆனா இன்னைக்கு அது நடக்காது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். ரேணுகா தலையாட்டினார். கையில் இருக்கிறதை மட்டும் கொடுங்கள். கேட்கிறவர்களுக்கு அதன் எடை தெரிந்துவிடும்.

சந்தையின் ஓரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். அந்த வெயிலிலும் சீருடை தெரியாமல் இருக்க மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். ரேணுகாவைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரேணுகா பக்கத்தில் போய் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மடியில் வைத்தார். நானும் டீ வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். முழுசாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை மூன்று பேரும் மாடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவராகவே சொன்னார்.

"தினமும் கிளம்பிடறேன் மேடம். நம்ம கம்பெனி போர்டு தெரியற இடம் வரைக்கும் நல்லாத்தான் வர்றேன். அதைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடிக்குது. கை ரெண்டும் வேர்த்து ஆக்சிலேட்டர் வழுக்குது. ஹார்ட்டுன்னு நினைச்சு டாக்டர்கிட்ட போனேன். ஈசிஜி எடுத்துட்டு ஒண்ணுமில்ல, கேஸுன்னு அனுப்பிட்டாங்க. வண்டியைத் திருப்பினா சரியாயிடுது."

"தினமும் சந்தைக்கா வருவீங்க?"

"சந்தை இல்லாத நாள்ல டேம் பக்கம் போயிடுவேன். இங்க வசதி மேடம். யாரும் ஆளைப் பார்க்க மாட்டாங்க, மாட்டைத்தான் பார்ப்பாங்க."

மணிக்கொரு தரம் லைன் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்பது அப்போது எங்கள் வழக்கம். எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது என்று போர்டில் நம்பர் எரியும். குறைந்தால் சிவப்பு. சிவப்பைப் போட்டோ எடுத்துப் போட்டால் ஏன் சிவப்பு என்று நாலு பேர் கேட்பார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் கேட்பார்கள். காதுகுத்து அன்றைக்கு மாமன் மடியில் குழந்தை அழுதபோது இவர் மண்டபத்துக்கு வெளியே நின்று பதில் டைப் செய்துகொண்டிருந்தாராம். ரேணுகா அதை ஆமோதித்துத் தலையாட்டினார்.

"அதெல்லாம்கூடப் பரவாயில்ல மேடம். எல்லாருக்கும் இருக்கறதுதான். அன்னைக்குக் கல்லாவிப் பொண்ணு கவிதா லைன்ல மயங்கி விழுந்துச்சில்ல..."

எனக்கு ஞாபகம் இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்த பெண். நர்ஸ் பார்த்து, குளுக்கோஸ் கொடுத்து, மதியத்துக்குள் எழுந்துவிட்டாள். எங்களைப் பொறுத்தவரை அது அன்றோடு முடிந்துபோன விஷயம்.

"அது தடால்னு விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். நான் முதல்ல பார்த்தது அந்தப் பொண்ணை இல்ல மேடம். போர்டைப் பார்த்தேன். எத்தனை பீஸ் போச்சுன்னு பார்த்தேன். அப்புறம்தான் ஓடினேன். யாரும் கவனிக்கல. எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போய் என் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியல. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல மேடம்."

அவர் குனிந்துகொண்டார். ரேணுகா அவர் முதுகில் கையை வைத்தார். "நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்லங்க. அதனாலதான் இங்க வந்து உக்காந்திருக்கீங்க" என்று தெலுங்கில் சொன்னார். அந்த இடத்தில் ஊழியர் நலக் குழுத் தலைவி நான்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னவர் ரேணுகா.

கிளம்புவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டேன். நீங்கள் இதை மறக்காமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். "நீங்க சொன்னதுல எதை நான் ஆபீஸ்ல சொல்லலாம்?" என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "போர்டு விஷயத்தைச் சொல்லுங்க மேடம். நெஞ்சு விஷயம் வேணாம்." இப்போது உங்களுக்கு இதை முழுசாக எழுதுவதும் அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான்.

சாயங்காலம் பிளான்ட் ஹெட் அறைக்குப் போனேன். நோட்டீஸ் அவர் மேஜைமேல் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"பார்த்தீங்களா? மாட்டு வியாபாரம்தானே?"

"இல்ல சார். உடம்பு சரியில்ல. லீவு கொடுக்கணும்."

"என்ன உடம்பு?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"யாரோட அனுமதி? நான் இந்த பிளான்ட்டுக்கு ஹெட் மேடம்."

"முனிராஜோட அனுமதி சார்."

அவர் முகம் சிவந்தது. ஆடிட் நெருக்கடி, புது லைன், அதற்கு நடுவில் நான் வேறு. "அப்ப உங்க வார்த்தையை மட்டும் நம்பி நான் இதை நிறுத்தணும்?"

"ஆமா சார்."

அப்புறம் போர்டு விஷயத்தைச் சொன்னேன். பெண் விழுந்ததையும், முனிராஜ் முதலில் எங்கே பார்த்தார் என்பதையும், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு மேலயும் ஒரு போர்டு இருக்கு மேடம்" என்றார். பிறகு நோட்டீஸை எடுத்தார். கிழித்துப்போடுவார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. டிராயருக்குள் வைத்து மூடினார். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிடப் பார்க்காதீர்கள். டிராயர் வரைக்கும் போனதே பெரிய தூரம்.

ஆடிட் வாரம் முனிராஜ் இடத்துக்கு ஆள் இல்லை. பிளான்ட் ஹெட்டே அந்த ஷிப்டைப் பார்த்தார். ரோஷக்காரர், ஒரு நாள்கூட விடவில்லை. மணிக்கொரு போட்டோவும் அவரே போட வேண்டியதாயிற்று. ஆடிட் நன்றாகவே முடிந்தது. வாரக் கடைசியில் என் அறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அதற்குள் போன் இரண்டு தடவை சிணுங்கியது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"இந்தக் குரூப்பை யார் மேடம் ஆரம்பிச்சது?"

"நீங்கதான் சார்."

என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து மணிக்கொரு போட்டோ நின்றது. ஷிப்ட் முடிந்தவர்களைக் குரூப்பில் கேள்வி கேட்கக் கூடாது, அவசரம் என்றால் போன் செய்து பேச வேண்டும் என்று அவரே எழுதிப் போட்டார். முதலில் தலைமை அலுவலகம் முணுமுணுத்தது. கொஞ்ச நாள் உற்பத்தி தடுமாறவும் செய்தது, அதை நான் மறைக்கவில்லை. அவர் அசையவில்லை. பிறகு எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. யோகா வகுப்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு மனநல மருத்துவரிடம் ரேணுகா முனிராஜை அழைத்துப் போனார். இது வியாதிதான், குணமாகிற வியாதிதான் என்று அந்த டாக்டரம்மா சொன்னதே பாதி மருந்தாக இருந்ததாம். மாத்திரைகள், வாரம் ஒரு பேச்சு, தோப்பில் கொஞ்சம் வேலை என்று கொஞ்ச காலம் போனது. தேறி வந்ததும் முனிராஜ் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மறுபடி மெயின்டனன்ஸுக்கே போகலாமா மேடம்? எனக்கு மெஷின்தான் வருது."

அவருடைய அப்பாவுக்கு அது பெரிய இறக்கமாகத் தெரிந்தது. ஊரில் பத்திரிகை கொடுத்தாயிற்றே என்று என்னிடமே வந்து வருத்தப்பட்டார். கூட வந்திருந்த ரேணுகா குறுக்கே புகுந்தார். "பத்திரிகையில போட்டது போட்டதாவே இருக்கட்டும் மாமா. எங்களுக்கு ஆளு வேணும்" என்றார். நல்லவர்களை மேலே ஏற்றுவது ஒன்றுதான் அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரவருக்குப் பிடித்த இடத்தில் இருக்க விடுவதும் மரியாதைதான். அவருடைய சம்பளத்தில் கை வைக்காமல் பிளான்ட் ஹெட் அதற்கு ஒப்புக்கொண்டார். டிராயரில் இருந்த நோட்டீஸ் என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டைத் தாண்டுவது மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு டாக்டரம்மா ஒரு வழி சொல்லியிருந்தார். முதலில் கேட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடை வரைக்கும் வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். இன்னொரு நாள் செக்யூரிட்டி அறை வரைக்கும். அப்புறம் கேன்டீன். ஒவ்வொரு தடவையும் பின்சீட்டில் ரேணுகா இருப்பார். கல்லாவிக் கவிதா ஒரு நாள் கேன்டீனில் அவரைப் பார்த்துவிட்டு, "சார், எப்ப வருவீங்க? அந்த மூணாவது டேபிள் மெஷின் உங்களுக்கு மட்டும்தான் அடங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாராம்.

முழு ஷிப்டுக்கு வந்த முதல் நாள், ரேணுகா டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போங்கள், ஏதாவது என்றால் நான் கூப்பிடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஹூக் தைக்க வேண்டிய ரவிக்கைகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். மதியம் நான் எட்டிப் பார்த்தபோது கடைக்காரரின் மனைவிக்கும் ஒரு ரவிக்கைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் மட்டும் கேட்டைவிட்டு நகரவில்லை.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கடைசியாக முனிராஜ் வந்தார். கூடவே ஒடிசாப் பையன் ஒருவன். முனிராஜ் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு மெஷினையே கட்டிக் காட்டி, அரைகுறை இந்தியில் எதையோ விளக்கிக்கொண்டு வந்தார். பேசிக்கொண்டே சாலையைத் தாண்டினார். பேசிக்கொண்டே எங்களையும் தாண்டினார். வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்.

ரேணுகா எழுந்து நின்று அவர் போவதைப் பார்த்தார். கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க மேடம். நான் இங்க உக்காந்திருக்கறதையே மறந்துட்டுப் போறாரு."